ஆவிக்கலன் மேடையில்

மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் அந்த ஆலையில், மரத்தை அப்படியே போட்டால் நொதிக்குப் பல் இறங்காது. அதனால் சில்லுகளை முதலில் ஆவிக்கலனில் அடைத்து, அழுத்தத்தில் வேகவைத்து, சட்டென்று வால்வைத் திறந்துவிடுவார்கள். உள்ளே புகுந்த ஆவி மரத்தை நார்நாராக வெடிக்கவைத்து, பழுப்புக் கூழாகப் பக்கத்துத் தொட்டியில் தள்ளும். அந்தக் கூழைத்தான் நொதி கரைத்துச் சர்க்கரையாக்கும். வால்வு தங்கையின் பொறுப்பு.

"அப்போ சாப்பாட்டு மேஜையக் கடிச்சாலே இனிக்குமே!" என்று கேலி செய்வார் அக்காவின் கணவர். ஆலைக்கு மரம் கொண்டுவரும் லாரி டிரைவர்.

நேற்று அவர் அடித்த அடியில் அக்காவுக்கு முன்பற்கள் போய்விட்டன. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

காலையில் லாரியை நிறுத்திவிட்டு அவர் நேராக மேடையேறி வந்தார். கலன் சூடேறிக்கொண்டிருந்தது. தொட்டியின் மூடியைக் கழுவக் கழற்றியிருந்தார்கள், இன்னும் பொருத்தவில்லை.

"எங்கடி அவ?"

"என் வீட்டுல. அங்க வந்தீங்க, மரியாதை கெட்டுடும் அத்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியில் மோதினார். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது.

"அக்காளுக்கு விழுந்தது உனக்கும் விழணுமா?"

மறுபடி மோதினார். சரிந்து விழுந்து தரையில் துழாவிய அவள் கைக்கு ஸ்பானர் அகப்பட்டது. ஓங்கி வீசினாள். அவர் மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஊளையிட்டவர் ஆத்திரத்தில் மறுகையால் வால்வைப் பிடித்தார்.

"ஐயோ, மூடி இல்ல! தொடாதீங்க!"

இழுத்தே விட்டார்.

மேடையே அதிர்ந்தது. தொட்டியிலிருந்து கொதிகூழ் பீறிட்டு அவர் முகத்திலும் மார்பிலும் அப்பியது. குனிந்திருந்த அவளுக்கு முதுகில் பட்டதோடு போயிற்று.

அவள் தவழ்ந்துபோய் வால்வை அடைத்தாள். கிடக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் அவர் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்த் தண்ணீர்க் குழாயடியில் போட்டாள். சட்டையோடு தோலும் கழன்று வந்தது.

"செத்துத் தொலைக்காதீங்க! அக்கா பல்லுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

மாலையில் அக்கா மருத்துவமனைக்கு வந்தாள். தங்கையின் நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தாள்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. ஒரு கண்ணு தேறாதாம்."

அக்கா கண்ணாடிக் கதவு வழியாக அவர் கிடந்த கட்டிலை வெகுநேரம் பார்த்தாள். உடைந்துபோவாள் என்று பயந்து தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, போலீஸ் ஸ்டேஷன் போவோம். உன் மண்டையையும் என் பல்லையும் சேர்த்தே எழுதிக் குடுத்துடலாம்."

"இப்பவேவா?"

"இப்பவே. அவரு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துட்டாருன்னா எனக்கு மனசு இளகிடும்டி."