பூட்டோடு திரும்பிய போன்

1

ஐந்தாவது கடவுச்சொல்லையும் போன் துப்பிவிட்டது. அவர் வியர்த்த கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆறாவதை அடிக்கப் போனார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அவர் கையைப் பிடிக்காத குறைதான். "நிறுத்துங்க சார். இன்னொரு தடவை தப்பாப் போட்டீங்கன்னா அது உங்களோட பேசவே பேசாது," என்றாள்.

நல்ல தொடக்கம்தான். அவசரம் இருக்கிறது, விரல் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. முப்பது வருடமாக வாரப் பத்திரிகைகளில் இதைத்தான் செய்கிறேன். முதல் வரியில் யாரையாவது ஓட விடுவேன், கடைசி வரியில் யாரையாவது கதவைத் தட்ட விடுவேன். நடுவில் என்ன நடக்கிறது என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் கவலைப்பட்டதில்லை.

இந்தக் கதையை நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கவில்லை. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதுசு கொடுக்கும் ஒரு கடை. அங்கே வேலை பார்க்கும் பெண் சொல்லித் தெரிந்துகொண்டது. விரலும் வியர்வையும் மட்டும் என் கைச்சரக்கு. அவருக்கு வியர்த்ததா என்று அவள் சொல்லவில்லை. கதாநாயகனுக்கு வியர்க்காவிட்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பதால் வியர்க்க வைத்தேன்.

2

வேறு தொடக்கம் ஒன்று:

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தி கவிழ்ந்துகொண்டிருக்க, மறதியின் விளிம்பில் நின்ற அந்த மனிதர் தன் தனிமையை —

[வேண்டாம். இப்படித் தொடங்குகிறவர்களுக்குப் பரிசு கிடைக்கும். எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.]

இன்னொன்று:

அந்தப் பெண்ணின் மேசையில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. உடைந்தவை, வீங்கியவை, பூட்டியவை. கடை ஏற்க மறுத்த போன்கள் இவற்றில் ஏதாவது ஒன்றில் விழும். கண்ணாடி நொறுங்கியது முதல் தட்டு. பேட்டரி உப்பி முதுகைத் தூக்கியது இரண்டாவது தட்டு. மூன்றாவதில் கிடப்பவை பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் பழைய சொந்தக்காரரின் கணக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், வேறு யாரும் திறக்க முடியாது. முதல் இரண்டு தட்டைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். மூன்றாவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். போனைத் தரையில் போடுவது விபத்து. பூட்டிக்கொண்டு வந்து நிற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இது பரவாயில்லை. இதோடு போவோம்.

3

நம் ஆள் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறார். போனைக் கொடுப்பதற்கு எப்படித் தயார் செய்வது என்று முந்தின நாள் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உறையைக் கழற்றினார். சிம்மை ஊசியால் நெம்பி எடுத்தார். சார்ஜர் சொருகும் ஓட்டையில் அடைந்திருந்த சிமென்ட் தூசியைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டினார். கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கடைசியில், உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்தார்.

கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு அழிக்க வேண்டும். வீடியோவில் அதுவும் இருந்தது. அந்த இடம் வரும்போது அவர் குச்சி தேடப் போயிருந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேனேம்மா. உள்ள ஒண்ணுமே இல்லையே," என்றார் கடையில்.

"ஒண்ணுமே இல்ல சார், பூட்டு மட்டும்தான் இருக்கு. ஆன் பண்ணா பழைய ஓனர் யாருன்னு கேக்குது."

"நான்தான்."

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல."

கூட வந்திருந்த மனைவி சும்மா இருக்கவில்லை. "மெயினை ஆஃப் பண்ணாம வயரை வெட்டியிருக்காரு. தொழில்ல மட்டும் செய்ய மாட்டாரு," என்றாள்.

* இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சொல்வார். இருபத்தைந்து வருடம் கரன்ட்டோடு பிழைத்தவன் இவ்வளவு மக்காக இருப்பானா என்பார். இருப்பான். போன் வாங்கிய நாளில் யாரோ ஒருவர் கடவுச்சொல் போட்டுக் கொடுத்திருப்பார், அதற்குப் பிறகு அதை அவன் ஒருமுறைகூட அடித்திருக்க மாட்டான். உங்களுடையது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சிரிக்காமல் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

4

"சரி, குடுங்க. பழசையே வெச்சுக்கறேன்," என்று அவர் எழுந்தார்.

"திறக்காத போனை வெச்சு என்ன சார் பண்ணுவீங்க? புதுசு வாங்கினாலும் இதே கணக்கைத்தானே போடணும்? அதுலயும் திறக்காது."

அப்போதுதான் அவர் மறுபடி உட்கார்ந்தார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கேலியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், நீளாது.

சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னால், உள்ளே எந்தக் கம்பி எந்த வழியாக ஓடுகிறது என்று அவர் படம் எடுத்து வைப்பார். பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து, அளவோடு எடுப்பார். இருநூற்றுச் சொச்சம் வீடுகளின் சுவர்கள், போனை அழித்தாலும் அழியாத அந்தக் கணக்கில் இருந்தன, வேறு எங்கும் இல்லை. அவற்றில் ஒரு வீட்டில் மறுநாள் காலை எட்டு மணிக்கு அலமாரி மாட்டச் சமையலறைச் சுவரில் பதினெட்டு ஓட்டை போட வேண்டும். டிரில்லோடு போய் நின்று, கம்பி எங்கே ஓடுகிறது என்று அவரே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

அவர் மனைவி அந்தப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒருதடவை இவர் பேர் கெட்டுப்போச்சும்மா. ரெண்டு வருஷம் யாரும் கூப்பிடல. அதுக்கப்புறம்தான் இப்படிப் படம் எடுக்க ஆரம்பிச்சாரு. நாளைக்கு எவனாவது கை நீட்டிப் பேசினா காட்டணும்ல. அது போச்சுன்னா இவர் திரும்ப வீட்லதான்."

பெயர் ஏன் கெட்டது என்று —

[பிறகு.]

5

கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. கணக்குத் திறந்தபோது கொடுத்த எண்ணுக்கு ஆறு இலக்கம் வரும். அதை அடித்தால் பூட்டு திறந்துவிடும். எந்த எண் என்பதைத் திரை முழுசாகச் சொல்லாது, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டும். அது தன் எண்தான் என்ற நம்பிக்கையில் அவர் இரண்டு முறை அனுப்பச் சொல்லிவிட்டு, தன் சிம்மைப் போட்ட மனைவியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறைதான் அந்த இரண்டு இலக்கத்தையும் படித்துப் பார்த்தார். அதுவே கடைசி முறை. முக்கால் மணி நேரத்துக்குள் அடிக்காவிட்டால் கணக்கு ஒரு மாதத்துக்கு மூடிக்கொள்ளும்.

"யாரோட நம்பர் சார்?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க அண்ணன் நம்பர்தானே? முதல் போன் வாங்கினப்போ அவர்தானே எல்லாம் போட்டுக் குடுத்தாரு? கூப்பிடுங்க."

"மாட்டேன்."

"சுவரை உடைச்சுப் பாப்பீங்க, அண்ணனைக் கூப்பிட மாட்டீங்க."

"சுவரைத் திரும்பப் பூசிக்கலாம்."

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. காரணம் வேண்டுமே. சொத்துத் தகராறு என்று போடலாம், அதை நானே ஒன்பது தொடர்களில் போட்டிருக்கிறேன். கல்யாணத்தில் மரியாதைக் குறைவு என்றால் படிக்கும்போதே உங்களுக்குக் கொட்டாவி வரும். இருவருக்கும் நடுவில் ஒரு பெண் என்று எழுதினால் ஓவியருக்கு வேலை கிடைக்கும், அவ்வளவுதான். இந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பெண்தான் கடைப் போனை இழுத்தாள். "நான் பேசறேன், நம்பர் சொல்லுங்க."

அண்ணனின் எண்ணை அவர் என்றைக்கோ போனிலிருந்து நீக்கியிருந்தார். இப்போது பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் விஷயத்தை முழுசாக விளக்கினாள். மூன்று தட்டு, குச்சி, படங்கள், நாளைக் காலை எட்டு மணி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும். கதை சொல்லத் தெரிந்தவள். மறுமுனையில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "லைன்ல இருங்க," என்றார். அவ்வளவுதான். அதன்பின் சத்தம் இல்லை. அவள் ஸ்பீக்கரைப் போட்டு ரிசீவரை மேசையில் வைத்தாள்.

6

முடிவுகள்:

அ. அண்ணன் ஆறு இலக்கத்தையும் வாசிக்கிறார். தம்பி, "அண்ணே," என்கிறார். கடைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். [குடும்பப் பத்திரிகைக்கு. வெட்கமில்லாமல் எழுதித் தருவேன்.]

ஆ. அண்ணன் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றிச் சொல்கிறார். மறுநாள் காலை, பதினோராவது ஓட்டையில் — [என் வழக்கமான சரக்கு. இதைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள், மறைக்காதீர்கள்.]

இ. லைன் தானாக அறுந்துபோகிறது. யார் மேலும் தப்பில்லை. [கோழைகளுக்கு.]

மூன்றும் பிடிக்கவில்லை. மூன்றிலும் அந்த அண்ணன் சரியாக வரவில்லை. ஆறு இலக்கம் வாசிக்க ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறானா? படித்தவன், வசதியானவன், வேறு வேலை இல்லாதவன். தம்பி ஒருவன் காத்துக்கொண்டிருக்கும்போது இவன் அப்படி என்னதான் செய்துகொண்டிருக்கிறான்?

7

இதையே அவர் மனைவியும் கேட்டாள். "என்னங்க பண்றாரு இவ்வளவு நேரமா?"

தம்பியின் குரல் ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் முறை. கோபம்கூட இல்லை அதில்.

"வெச்சிடச் சொல்லு. எங்கண்ணன் எழுதிட்டு இருப்பாரு."

இருபத்துமூன்று நிமிடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வேகமாக எந்த வாரமும் எழுதியதில்லை. மூன்றாவது குறுஞ்செய்தி இதோ, இந்தத் தாளுக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. முதல் இரண்டும் அதற்கு மேலே வரிசையாக இருக்கின்றன. அவை வந்தபோதே யாருடைய கணக்கு என்று எனக்குத் தெரியும். மூன்றாவது இன்னும் ஏழு நிமிடம் செல்லும். அந்தப் பெண் இன்னும் லைனை வெட்டவில்லை, மூச்சு கேட்கிறது.

வாசித்துச் சொன்னால் இந்தக் கதைக்கு முடிவு இருக்காது. ஒரு போன் திறக்கும், ஒருவர் வேலைக்குப் போவார், உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வாசிக்காமல் விட்டால் முடிவு பிரமாதமாக வரும். எது வேண்டும் என்று உங்களைக் கேட்கலாம். முப்பது வருடமாக நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரிந்துகொண்டே எழுதியவன் நான். ஒருதடவையாவது நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

காலியாக விட்ட இடத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், சுவருக்குள் கம்பியை மாற்றிக் கொடுத்து ஆட்களைக் கொல்லும் ஒருவனைப் பற்றிப் பன்னிரண்டு வாரம் எழுதினேன். எனக்கு அதிகக் கடிதம் வந்த தொடர் அதுதான். அவனுக்கு என் தம்பியின் நடையைக் கொடுத்தேன். காதில் செருகும் பென்சிலைக் கொடுத்தேன். தம்பி குடியிருந்த தெருவைக் கொடுத்தேன், வேலை செய்து முடித்த மூன்று வீடுகளைக் கொடுத்தேன்.

பெயரை மட்டும்தான் மாற்றினேன்.