நடுவில் கீல் வைத்த வண்டி

வண்டியை இரண்டாக அறுத்தது நான். நடுவில் கீல் வைத்துச் சேர்த்ததும் நான். காப்புரிமை விண்ணப்பத்தில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மட்டும் அண்ணன் பெயர். காலையில்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். நேரே அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"பட்டறை என்னோடது. உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றான். மூன்று வருடமாக, "இரும்பெல்லாம் வீணாகுது, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று கரித்துக்கொட்டிய அதே வாய்.

கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டியான சாதாரண ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும். பின்பக்கம் அகலமாக வீசும். அதற்காகவே பாதிக் கிடங்கைக் காலியாக விட வேண்டும். என் வண்டியில், சரக்கைத் தூக்கும் முன்பாதி மட்டும் கீலில் மடங்கி, சரக்கு அடுக்கும் ரேக்குக்குள் நுழையும். பின்பாதி வீசாது. ஒடுக்கமான சந்து போதும்.

அன்று மதியம் ஒரு கிடங்கு முதலாளி வண்டியைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தார். ஓட்டிக் காட்ட, அங்கே ரேக்குகளை நிறுத்தி நடுவில் ஒரு சந்து விட்டிருந்தோம். அண்ணன் விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

"ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டு நான் செஞ்சது சார்."

என் கையில் ஸ்பானர் இருந்தது. கை துறுதுறுத்தது.

"முன்னாடி பாருண்ணா" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

சாதாரண வண்டி ஓட்டிய இருபது வருடப் பழக்கம் விடுமா? ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு, பின்பக்கம் இடிக்குமோ என்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பின்பக்கம் சமர்த்தாக இருந்தது. முன்பக்கம் போய் ரேக்கின் காலில் மோதியது. மேல்தட்டிலிருந்து பெயிண்ட் டப்பாக்கள் விழுந்து உடைந்தன.

"என்னங்க வண்டி இது?" என்றார் முதலாளி.

அண்ணன் குதித்து இறங்கினான். "எல்லாம் என் தங்கச்சி வேலை சார்! வரைஞ்சது, அறுத்தது, ஒட்டினது, எல்லாம் இவதான். எனக்கு ஒண்ணும் தெரியாது!"

அடப்பாவி! ஓடினால் அவனுடையது, இடித்தால் என்னுடையதா?

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். வண்டியைப் பின்னால் எடுத்து, சந்துக்குள் விட்டு, முன்பாதியை மடக்கி, சரக்கு அடுக்கிய ஒரு பேலட் பலகையை மேல்தட்டில் வைத்தேன். ரேக்கில் ஒரு கீறல்கூட விழவில்லை.

முதலாளி சந்தின் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்தார். "எனக்கு ஆறு வண்டி வேணும்."

"நம்ம வண்டின்னா சும்மாவா சார்!" என்று அண்ணன் இளித்தான்.

நான் இறங்கிக் கையை நீட்டினேன். "அந்தத் தாளை எடு."

"அப்புறம் பேசிக்கலாம்மா."

"எல்லாம் இவதான்னு இப்பதானே சொன்னே? சாரும் கேட்டார். உன் பேரை உன் கையாலேயே அடி. என் பேரை எழுது."

முதலாளி தன் பேனாவை அண்ணனிடம் நீட்டினார்.

எழுதினான். எனக்கு ஆறவில்லை. ரேக்கில் இடிக்காமல் ஓட்டியிருந்தால் எழுதியிருக்க மாட்டானே.