ஹாஷிம் கேட்டது

நல்லம்மா புருஷனோடு தனுஷ்கோடியில் கப்பலேறி, இலங்கையில் பன்விலத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து மூன்று மாதம்தான். 1927ஆம் வருஷம். அவள் பிறந்த திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் முஸ்லிம் குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த வினைக்கு அதுதான் காரணம்.

துணி மூட்டையைச் சுமந்து மலையேறி வந்த முஸ்லிம் வியாபாரி ஹாஷிம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவள் வாசலில் நின்றான். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டி, "உம்மா... கொஞ்சம் தாங்க" என்றான்.

உம்மா என்றால் நல்லம்மாவின் ஊரில் முத்தம். குழந்தையிடம் கேட்பது. முன்பின் தெரியாத ஆண்பிள்ளை பட்டப்பகலில் கேட்கிறான்! விரல் வேறு தன்னையே காட்டுகிறது. அலறிவிட்டாள்.

உள்ளேயிருந்து அவள் புருஷன் ராஜலிங்கம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பாய்ந்து வந்தான். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். கேள்வி கேட்கிற பழக்கமே கிடையாது. ஹாஷிமின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

நல்லம்மாவுக்கு அப்போதுதான் விபரீதம் உறைத்தது. வெட்டினால் ஒருவன் சாவான், மற்றவன் போகம்பரைச் சிறைக்குப் போவான்.

"என்னங்க, பொறுங்க! என்ன கேட்டாருன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க!"

"சொல்லுடா!"

"உம்மா, தாங்க எண்டுதான் செல்லின" என்றான் ஹாஷிம். பாவி மனுஷன், உண்மையைத்தான் சொன்னான்.

கத்தி மேலே போனது. ஹாஷிம் கண்ணை இறுக மூடி, "உம்மா!" என்று கதறினான்.

நல்லம்மா ஓடிப்போய்ப் புருஷனின் கையில் தொங்கினாள். கழுத்துக்குக் கத்தி வரும்போது எவனாவது முத்தம் கேட்பானா?

"யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

"என்ட உம்மாவ... என்னப் பெத்தவ. மரியாதக்கி மத்தப் பொம்புளயளயும் அப்பிடித்தான் கூப்பிடுற."

ராஜலிங்கத்தின் கை தானாக இறங்கியது. நல்லம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஹாஷிம் குடித்த அவசரத்தில் பாதி சட்டையில் சிந்தியது. அவளுக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் ஹாஷிம் மறுபடி வந்தான். வாசலுக்கு எட்ட நின்று, ஊமைபோலப் பானையை மட்டும் கைகாட்டினான்.

ராஜலிங்கமே செம்போடு போனான். ஹாஷிம் ஓரடி பின்வாங்கினான்.

"வாயத் தொறந்து கேளுங்க நானா" என்றான் ராஜலிங்கம், அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையைப் புதிதாகக் கற்றுக்கொண்டு. "அன்னிக்கு எப்படிக் கேட்டீங்களோ, அப்படியே கேளுங்க."

ஹாஷிம் நல்லம்மாவைப் பார்த்தான்.

"உம்மா, கொஞ்சம் தண்ணி தாங்க."

தண்ணி என்பதை மட்டும் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுத்திச் சொன்னான்.