இடது காதில் ஒரு சொல்லு

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது, அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தால் காதுக்குள் பேச்சு தளும்பும் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக ஆறாத சீழ் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோலக் கெட்டியாகி, வீட்டில் யார் எதைப் பேசினாலும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அவள் பதினொரு பாட்டில் சிரப் குடித்திருந்தாள். ஒவ்வொன்றும் வயிற்றைக் கலக்கியதே தவிர காது வரை போய்ச் சேரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளுக்கு இன்னும் பேச்சும் வரவில்லை. ஏற்கெனவே மந்தமாக இருந்த வலது காதும் அந்த வாரம் கனக்கத் தொடங்கியது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் அம்மா, பத்து நாள் லீவு சொல்லிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கிருந்த காது டாக்டரைச் சூறாவளி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த அம்மாள் வராந்தாவில் நடந்து யாரும் பார்த்ததில்லை. "வாயில ஊத்தி, வயித்துக்குப் போய், ரத்தத்துல ஊரெல்லாம் சுத்திக் காதுக்கு வான்னா மருந்து என்ன பண்ணும், பாவம்? வாசல் இங்கேயே இருக்கும்மா!" என்று குழந்தையின் காதைத் தட்டிக் காட்டினார். அவரிடம் புது மருந்து ஒன்று இருந்தது. குளிரில் தண்ணீராக இருக்கும். காதின் சூடு பட்டதும் களியாகிச் செவிப்பறையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறைக்குள் ஊறி அந்தப் பக்கம் போகும். அந்த மருத்துவமனையில் அதைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களில் இவள் பன்னிரண்டாவது குழந்தை. "எட்டாம் நாளும் அடைச்சே இருந்தா, பறையில துளை போட்டுக் குழாய் வெச்சிடலாம். ரெண்டு காதும் இப்படியே கிடந்தா இவளுக்குப் பேச்சு பிடிபடறது கஷ்டம்" என்று சொல்லி, அங்கேயே இடது காதில் மருந்தை விட்டார். செய்ததைச் சீட்டில் குறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

ஓடிக்கொண்டே எழுதிய கையெழுத்து. 'இடது காதில் ஒரு சொட்டு, ஏழு நாள்' என்று அவர் எழுதியதை, வீட்டில் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் தனித்தனியாக வாங்கிப் பார்த்து 'ஒரு சொல்லு' என்றே படித்தார்கள். சொட்டைத்தான் டாக்டரே விட்டுவிட்டாரே, இனி வீட்டில் செய்ய வேண்டியது இது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்தச் சொல் என்பதில்தான் தகராறு. அப்பா, "அவ பேரையே சொல்லிடலாம்" என்றார். அவருடைய தங்கை, வாயாடி என்று பேர் வாங்கியவள், விடவில்லை. "பேரா? ரெண்டு வருஷமா அதைத்தானேண்ணா கத்திக்கிட்டிருக்கோம். உள்ள அதுவே மூட்டை மூட்டையா கிடக்கும். மேல ஒண்ணு போட்டா அடைப்பு ஜாஸ்தியாகும்." பிறகு ஒவ்வொருவரும் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாமே கனமாக இருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மகளின் காதருகே குனிந்து, "ம்" என்றாள்.

"அது ஒரு சொல்லா அண்ணி?" என்று வாயாடி கேட்டு முடிப்பதற்குள் காது பேசத் தொடங்கியது. முதலில் வந்தது அன்று காலை நடந்த குக்கர் சண்டை. அம்மா மறுபடி "ம்" என்றாள். அதற்கு முந்தைய நாள் வந்தது. கேட்க ஒரு ஆள் கிடைத்த தெம்பில் காது பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கொட்டியது: லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அப்பா போனில் சொன்ன சமாதானங்கள், வாடகை வீடு பார்த்த பேச்சு, தும்மல்கள், பாதியில் நின்ற தாலாட்டு. மூன்றாம் நாள் வாயாடியின் குரலே வந்தது. அண்ணிக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம், அவ்வளவு கர்வமாம். வாயாடி முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ அண்ணி, அது எப்பவோ சொன்னது!" என்றாள். அண்ணி குழந்தையின் காதைப் பார்த்தபடியே "ம்" என்றாள். அதில் கோபம் இல்லை என்று புரிந்துகொள்ள வாயாடிக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது. ஐந்தாம் நாள், முன்பொரு தடவை வேலை பறிபோன வாரத்தில் அப்பா குளியலறையில் அழுத சத்தம் வந்தது. அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா எப்போதும்போல "ம்" என்றாள்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்குக் காது பேச்சை நிறுத்தியது. அம்மா "ம்" என்றாள், பதில் இல்லை. இன்னொரு முறை மெல்லச் சொன்னாள். நாளைக்கு எட்டாம் நாள். வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் இருந்ததே இல்லை. குழாயில் தண்ணீர் ஏறுவதுகூடக் கேட்டது. குழந்தை அந்தக் குழாய்ப் பக்கம் திரும்பியது. பிறகு அம்மாவைப் பார்த்து, தெளிவாக, "அப்பறம்?" என்றது.

டாக்டர் காதுக்குள் பார்த்தார். பறை முத்துப்போலப் பளபளத்தது, காற்றடித்தால் அசைந்தது; வலது காதின் கனமும் இறங்கியிருந்தது. நடந்ததைக் கேட்டதும் சீட்டைப் பிடுங்கித் தன் கையெழுத்தைப் பார்த்துக் கூவியபடி வராந்தா முழுக்க ஓடினார். அடுத்த இரண்டு வருடத்தில் முந்நூறு குழந்தைகளிடம் சோதித்தார். சொட்டு மட்டும் விட்டால் சீழ் போயிற்று, பேச்சு தங்கிற்று. சொல் மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது காது திறந்தது. வேலைக்குப் போகிற பெற்றோருக்காக "ம்" சொல்ல ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். நேர்முகத் தேர்வில் வாயாடி நான்கு முறை தோற்றாள்.

குழாய் வைக்கும் அறுவை சிகிச்சை இப்போது அபூர்வம். முன்பு அது நடந்த அறையில் வியாழக்கிழமைகளில் ஏழெட்டுக் குழந்தைகள் தலை சாய்த்துப் படுத்திருக்கும். பழைய சண்டைகளும் சிரிப்புகளும் வராந்தா வரை வழிந்து வரும். போகிறவர்கள் யாரும் நின்று கேட்பதில்லை, ஈரத் தரையில் நடப்பதுபோலப் பார்த்து நடக்கிறார்கள், அவ்வளவுதான்.