இரண்டாக நின்ற கூடம்

காக்ஸ் டவுனில் இருக்கும் அந்தப் பழைய பங்களாவை இப்போது எல்லோரும் கலைக்கூடம் என்றுதான் சொல்கிறார்கள். மாடியில் ஓவிய வகுப்பு, தோட்டத்தில் காப்பிக் கடை, நடுக்கூடத்தில் நாடகம். ஓர் அறக்கட்டளை அதை வாங்கியபோது நடுக்கூடம் என்று ஒன்றே கிடையாது. குறுக்கே ஒரு செங்கல் சுவர் நின்றது.

சுவருக்கு இந்தப் பக்கம் சின்னப்பா, அந்தப் பக்கம் அவர் தங்கை மேரி. மேரி நாகேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, மாதா கோயிலில் பூசை வைக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றார் அண்ணன். தங்கை பதிலுக்குச் சொன்னது அதைவிட மோசம். அப்பா போனதும் வீட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு இருபது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை. அண்ணன் இருமுவது தங்கைக்குக் கேட்கும். தங்கை வீட்டுக் குக்கர் விசில் அண்ணனுக்குக் கேட்கும். கூரை ஒழுகி, இனி யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது என்றானபோதுதான் ஆளுக்கொரு வக்கீலை வைத்து விற்கச் சம்மதித்தார்கள்.

கலைக்கூடத்தின் பொறுப்பாளர் சங்கமித்ரா, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். சுவரை இடிக்கும் நாளில் இருவரையும் அழைத்தாள். இன்னொருவர் வருவதை இருவரிடமும் சொல்லவில்லை.

மேரி வாசலிலேயே நின்றுவிட்டார். "இவரு வர்றத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா ஆன்ட்டி?"

மேரி திரும்பிப் போகவில்லை.

சுவர் லேசில் விழவில்லை. ஆட்கள் மாறி மாறிச் சம்மட்டி போட்டார்கள். முதல் ஓட்டை விழுந்ததும் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் புழுதியோடு மேற்குப் பக்கம் வந்து விழுந்தது. சின்னப்பா மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "கெட்டியா கட்டுன்னு நாந்தான் மேஸ்திரிகிட்ட சொன்னேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நாகேஷ் செத்தப்போ ஏன் உள்ள வரல?" என்று மேரி கேட்டார்.

சின்னப்பா கைக்குட்டையை எடுத்தார். "கேட் வரைக்கும் வந்தேன். நீ திட்டுவேன்னு நின்னுட்டேன்."

"திட்டித்தான் இருப்பேன். திட்டு வாங்கிக்கிட்டாவது வந்திருக்கணும்."

"ஆமா" என்றார் சின்னப்பா. "வந்திருக்கணும்."

மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். சங்கமித்ரா இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். சாயங்காலம் சுவர் முழுக்க விழும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

திறப்பு விழாவுக்கு முன்னால், வீட்டின் வரலாற்றை எழுதி வாசலில் மாட்ட வேண்டியிருந்தது. சுவரைப் பற்றி எழுதலாமா என்று சங்கமித்ரா இருவரையும் கேட்டாள்.

"எழுதும்மா, அண்ணன்காரன் கட்டினான்னே போடு" என்றார் சின்னப்பா.

"அதெல்லாம் வேணாம்" என்று மேரி குறுக்கிட்டார். "பாதி செங்கல் நான் எறக்கினது. ரெண்டு பேரும் சேந்து கட்டினோம்னு போடு."

சின்னப்பா தங்கையைப் பார்த்தார். "அப்ப அந்த லோடு நீ அனுப்பினதா? மேஸ்திரி கணக்குல தப்பு பண்ணிட்டான்னுல்ல இத்தன நாளா நெனச்சிருந்தேன்!"

முதலில் சிரித்தது மேரிதான். வெயில் தாழ்ந்ததும் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். வழியில் சிவாஜிநகரில் இறங்கி சமோசா சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.