குழாய்க்குள் குடிபோன அத்தி

ரயில் பெட்டியைவிட நீளமான வேர் ஒன்றை, எங்கள் வீட்டுக் கழிவறைக் குழாயிலிருந்து ஒரே துண்டாக உருவி எடுத்தவன் நான். நுனியில் பார்த்தால் யானை வால். நடுவில் பார்த்தால் யானையே. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் மச்சானும் சிரித்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பக்கத்து வீடு. நான் எதைச் சொன்னாலும் "ஊஹூம்" என்பார். மழை பெய்கிறது என்றால்கூட ஊஹூம் சொல்லிவிட்டு வெளியே போய் நனைந்து வருவார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே ஊஹூம்தான்.

கொல்லைப்புறத்தில் செப்டிக் டேங்க். சற்றுத் தள்ளி என் மனைவி நட்டு வளர்த்த அத்தி மரம். பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு அவள் மனம்விட்டுப் பேசுவது அந்த மரத்தோடுதான். என்னோடு பேசுவது திட்டுவதற்கு மட்டும்.

கோடை தொடங்கும்போதே ஊஹூம் உத்தரவு போட்டுவிட்டார். "வேரு டேங்குப் பக்கம் வந்துடும். மரத்துக்குத் தண்ணி விடாதீங்க. தண்ணி இல்லேன்னா வேரு எப்படி வளரும்?" அண்ணன் சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது. ஒரு சொட்டு விடவில்லை.

விளைவு? கழிவறையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் மேலே வந்து நம்மை நலம் விசாரித்தது. உப்பு கொட்டினேன், கொதிநீர் ஊற்றினேன், கம்பி விட்டுக் குடைந்தேன். கம்பியும் உள்ளேயே தங்கிவிட்டது. பிறகென்ன, தினமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக் கழிவறைக்கு யாத்திரை. உள்ளே போய் உட்காருவதற்குள் வெளியே குரல் வரும்: "மாப்பிள்ளை, தூங்கிட்டீங்களா?" மனிதனுக்கு அந்த இடத்தில்கூட நிம்மதி இல்லையென்றால் எதற்குத்தான் ஓய்வு பெறுவது?

பொறுக்கமாட்டாமல் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஊஹூம் வந்து தீர்ப்புச் சொன்னார்.

"டேங்க் சுவரே பிளந்திருக்கும். மரத்தை எடுத்தாத்தான் தீரும். வெட்டுறவருக்குச் சொல்லியாச்சு, சாயங்காலம் வர்றார்."

மனைவி மரத்தில் சாய்ந்து நின்றாள். "மரம் போச்சுன்னா நானும் போறேன்ணா."

"எங்க போவே?"

"உன் வீட்டுக்குத்தான். அவரையும் கூட்டிக்கிட்டு."

அவர் முகம் வெளிறியது. இருந்தாலும் பிடியை விடவில்லை.

பிளம்பர் தோண்டிய பள்ளத்தை நான் காட்டினேன். "பாருங்க மச்சான், டேங்குக்கு முன்னாடி குழாய் மூட்டுல ஒரே ஒரு வேருதான் நுழைஞ்சிருக்கு. சுவருக்கு ஒண்ணும் ஆகலே."

"ஊஹூம்! ஒத்த வேரு இவ்வளவு பெரிய குழாயை அடைக்குமா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

"முழுசா எடுத்துக் காட்டினா?"

"எடுத்தா மரம் இருக்கட்டும். அறுந்து உள்ளே மாட்டிக்கிச்சுன்னா கோடரிதான்."

பிளம்பர் மூட்டை உடைத்து, மரத்தின் பக்கம் வேரை அறுத்து, குழாய்க்குள் போன பாதியில் கயிற்றைக் கட்டினார். நானும் அவரும் மனைவியும் இழுத்தோம். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. உள்ளே நறநறவென்று சத்தம். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணா, வேடிக்கை பார்க்கிறியா, பிடிக்கிறியா?"

கைகட்டி நின்றவர் முனகிக்கொண்டே கயிற்றைப் பிடித்தார். அப்போது அசைந்தது பாருங்கள்! பொசுபொசுவென்று சடை சடையாக வேர் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. என் முதுகு துணிக்கொடியைத் தாண்டியது, வாசல் கேட்டைத் தாண்டியது. நான் தெருமுனைக் கடைக்காரரிடம் சௌக்கியம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதும் அதன் வால் குழாய்க்குள்தான் இருந்தது. கடைசியில் என் கம்பியையும் சுருட்டிக்கொண்டு பொத்தென்று வெளியே விழுந்தது. அடைபட்டிருந்ததெல்லாம் கடகடவென்று டேங்குக்குள் ஓடியது. அதைவிட இனிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

மனைவி அந்தச் சடையைக் காலால் புரட்டினாள். "பாவம், நாம தண்ணி கொடுக்கலே, அது தேடிக்கிட்டுப் போயிருக்கு. உன்னைப் பட்டினி போட்டா நீ மட்டும் பக்கத்து வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்க மாட்டியாண்ணா?"

பிளம்பர் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். சுவரில் ஒரு கீறல் இல்லை. மூட்டைப் புதிதாகப் போட்டு, மரத்துக்கும் டேங்குக்கும் நடுவே ஆழமாகக் குழி வெட்டித் தடித்த பிளாஸ்டிக் தகடு இறக்குவதென்றும், தண்ணீரை மரத்துக்கு அந்தப் பக்கமாகவே விடுவதென்றும் முடிவானது.

அந்த நேரம் பார்த்து மச்சானின் போன் அடித்தது. மரம் வெட்டுகிறவர். மனைவி அண்ணனையே பார்த்தாள். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வர வேண்டாங்க… இல்லீங்க, வேற ஆள் யாரும் வெட்டலே… ஆமாங்க, ஒரே வேருதான். அறுகாம முழுசா வந்துச்சு. நானும்தான் இழுத்தேன்."