தொண்ணூற்று மூன்று தப்படி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஜரினா இன்ஸ்பெக்டர். செய்து வரும் உதிரி பாகத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும் பிடித்துவிடுவாள். போன தை மாதம் அவள் மூளையில் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நான்கே நாளில் எழுந்து நடந்துவிட்டாள். ஆனால் கண்ணும் காதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

யார் பேசினாலும் முதலில் குரல் வந்தது, அப்புறம்தான் உதடு அசைந்தது. கதவு அறையும் சத்தம் கேட்டபின் கதவு போய் மோதியது. கணவன் மஸ்தான் பேசும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தால் தலை சுற்றியது. முதலில் பார்த்த மருத்துவர் மனப்பிரமை என்று தூக்க மாத்திரை எழுதினார். ஜரினா அதைத் தொடவே இல்லை. கம்பெனிக்குப் போவதும் நின்றுபோனது.

சேக்காட்டில் அவர்கள் வீட்டுக்கு எதிரே பெரிய காலி மனை. அதன் மறுகோடியில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை வாசலில் நின்றவள் அங்கே ஓர் ஆள் கம்பியைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்தாள். சுத்தியல் விழுந்தது. விழுந்த அந்த நொடியே சத்தமும் கேட்டது.

மூன்று மாதத்தில் முதல் தடவை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். கிட்டப் போகப் போகச் சத்தம் முந்தியது. பின்வாங்கினாள், மறுபடி ஒட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து வரும் சத்தம் வழியில் தாமதமாகிறது, அந்தத் தாமதம்தான் தன் மூளையின் பிசகை நிரவுகிறது என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்த இடத்திலிருந்து அவன் வரை தப்படி போட்டு அளந்தாள். தொண்ணூற்று மூன்று.

"பைத்தியம் இல்லீங்க எனக்கு," என்று மஸ்தானிடம் சொன்னாள். "அளந்துட்டேன். ஏறக்குறைய எழுவது மீட்டர்."

மஸ்தான் தன் கடையைப் பூட்டிவிட்டு அவளை நரம்பியல் மருத்துவர் எழிலரசியிடம் அழைத்துப் போனான். அவர் ஒரு விளக்கையும் ஓர் ஒலியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார். ஒலியை விளக்குக்குப் பின் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி விட்டபோது இரண்டும் ஒன்றாக வந்ததாக ஜரினா சொன்னாள். எழுபது மீட்டரைக் கடக்கச் சத்தத்துக்கு ஆகும் நேரமும் அதேதான்.

பார்ப்பதும் கேட்பதும் எல்லோருக்குமே மூளையில் தனித்தனி வழியில், தனித்தனி நேரத்தில்தான் நடக்கின்றன என்றார் எழிலரசி. "மூளைதான் அதையெல்லாம் சேர்த்து ஒரே கணமா காட்டுது. எப்படிச் சேர்க்குதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாது. எங்க மெஷின் சொன்ன அளவை நீங்க காலாலயே எடுத்துட்டு வந்திருக்கீங்க."

மஸ்தானைப் பேசச் சொல்லிப் படம் பிடித்து, குரலை மட்டும் அந்த அளவுக்குத் தள்ளி வைத்து, கணினியில் ஓடவிட்டார்.

"ஜரினா, நான் இங்கதான் கீறேன். ஊட்டுக்குப் போவலாம் வா."

உதடும் குரலும் ஒன்றாக வந்தன. திரையில் இருந்தது அவள் புருஷன், முழு மனிதனாக. அவள் எழுந்து நின்றுவிட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் சிரித்தாள்.

"டாக்டர், அந்த அளவை ரிப்போர்ட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றாள். "திங்கக்கிழமை அதை எடுத்துக்கிட்டுக் கம்பெனிக்குப் போறேன்."